அடுப்படியில் விட்டு வந்த வெல்லம்

கோவில்பட்டி மார்க்கெட் பக்கத்தில் கிருஷ்ணவேணியைத் தெரியாதவர்களுக்கும் அவள் சைக்கிளைத் தெரியும். பட்டையான டயர், டயர் முழுக்கக் கட்டை கட்டையாய்ப் பல், குண்டு குழியில் அமுங்கி எழும்புகிற முன்பக்கம். மாற்றலாகிப் போன ஒரு பேங்க் மேனேஜரிடம் பழசாய் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினால், டீக்கடையில் யாராவது ஒருத்தன் வாயைக் கொடுக்காமல் இருக்கமாட்டான். "மலைச் சைக்கிள்னு சொல்லுதாவ, நம்மூர்ல மலை எங்கனக்கா இருக்கு?" என்பான். "மலைய நான் தேடிக்கிடுதேன், நீ வடை ஆறுறதுக்குள்ள தின்னு" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மிதிப்பாள்.

மலை இல்லாமல் இல்லை. தெற்கே குருமலை கிடக்கிறது. அதன் அடிவாரத்துச் சரளைச் சரிவுகள் இந்தச் சைக்கிளுக்குத் தாராளம். நாற்பதை எட்டிப் பிடிக்கிற பொம்பளைக்கு இது என்ன வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்கலாம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அடுப்படி. அவள் வீட்டுக்காரர் பூவனநாதன் அங்கேதான் கடலைமிட்டாய் போடுகிறார். கீழே அடுப்புச் சூடு, மேலே தகரச் சூடு, நடுவில் கொதிக்கிற வெல்லப்பாகு. அவர் பாகு கிண்ட, இவள் மிட்டாயை வெட்டிப் பாக்கெட் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சரிவில் ரெண்டு பிரேக்கையும் விட்டுவிட்டு இறங்கும்போது சட்டைக்குள் காற்று புகுந்து வருமே, அதை நினைத்துக்கொண்டுதான் அவள் மிச்ச நாளையெல்லாம் ஓட்டினாள். முழங்காலில் தையல் போட்ட தழும்பு உண்டு. கேட்டால் பெருமையாகவே காட்டுவாள்.

பூவனநாதன் சாதுவான மனுஷன், நாக்கைத் தவிர. பாகுக்குப் பதம் பார்த்துப் பார்த்தே இருபது வருஷம் தின்றிருக்கிறார். சக்கரை வந்தது. மாத்திரை போட்டார், தின்பதை விடவில்லை. கடலை டின்னுக்குள், சாமி படத்துக்குப் பின்னால், குடைக்குள் என்று அவர் ஒளித்து வைப்பதும் இவள் தோண்டி எடுப்பதும் வீட்டில் நித்தம் நடக்கிற கூத்து. போன மாசக் கடைசியில் டாக்டர் ஊசிக்கு மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்த பூவனநாதன், "ஊசி போட்டா கையில எப்பவும் கொஞ்சம் இனிப்பு வச்சுக்கிடணுமாம்ட்டி. சக்கரை பொசுக்குனு எறங்கிருமாம்" என்றார்.

"ஆமா, டாக்டர் உங்க கூடப் பொறந்த தம்பிலா, இதுவுஞ் சொல்லுவாரு, இன்னமுஞ் சொல்லுவாரு."

அவள் நம்பவில்லை. அத்தனை பொய்யைக் கேட்ட காது, நிஜத்தையும் பொய்யோடு சேர்த்துத் தள்ளிவிட்டது.

சித்திரை மாசத்து ஞாயிறு அது. உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதை மட்டும் இவள் நம்பினாள். கூட ஓட்டுகிற நந்தகோபால் ஊரில் இல்லாததால் அவன் சைக்கிளைக் கேட்டு வாங்கி, "நீங்களும் வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரியே சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டார். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு இட்லித் தட்டை இழுத்தவரிடம், "ரெண்டு போதும், வயிறு முட்டத் தின்னா மிதிக்க முடியாது. வந்து சாப்பிடலாம்" என்று அவள்தான் தட்டை வாங்கினாள்.

வாசலில் அவர் குனிந்து ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் பாட்டில் வைக்க அவர் தோள்பையைத் திறந்தாள். காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே வெல்லத் துண்டுகள். இவளுக்குச் சுறுசுறுவென்று வந்தது. நல்ல நாளும் அதுவுமாய் எதற்குச் சண்டை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தங்காட்டாமல் எடுத்துப்போய் அடுப்படி டின்னில் போட்டு மூடினாள்.

எட்டயபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், தெற்கே பிரிகிற வண்டிப்பாதையில் இறங்கினார்கள். அறுத்து முடித்த கரிசல் காடு கண்ணுக்கெட்டிய மட்டும் வெறிச்சென்று கிடந்தது. பூவனநாதன் கியரை மாற்றத் தெரியாமல் கடகடவென்று சங்கிலியை உருட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். "இதுக்குத்தான் வாராவாரம் ஓடி வருதியா?" என்றார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடைக்குக் கிட்டே போனபோதுதான் தரை நிறம் மாறியது. கோவில்பட்டியில் ஒரு தூத்தல் இல்லை. இங்கே ராத்திரி கோடை மழை ஊற்றியிருக்கிறது. இந்தச் சீமையில் மழை அப்படித்தான், ஒரு காட்டில் பெய்யும், அடுத்த காட்டை எட்டிப் பார்க்காது.

திரும்பியிருக்க வேண்டும். கரிசலில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஈரக் கரிசல் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பட்டை டயர் கொடுத்த மப்பு. "ஓடையத் தாண்டினாச் சரளை வந்துரும், கொஞ்ச தூரந்தான்" என்று இறங்கிவிட்டாள். ஒரு வயல் தூரம் போவதற்குள் டயரில் மண் அப்பியது. அப்பின மண்ணின் மேல் மண் ஏறி, சக்கரத்துக்கும் கவைக்கம்பிக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுத்தமாய் நின்றது. குச்சியால் நோண்டி எடுத்தால் நாலு அடியில் மறுபடி நிற்கும். கடைசியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "அடுத்தவன் வண்டி, கீழ போட்டுரக்கூடாது" என்று பூவனநாதன் மண்ணோடு கனத்துக் கிடந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டார். செருப்புப் போட்டே நடந்து பழகிய மனுஷன், ஒவ்வொரு காலுக்கும் ஒரு கட்டி மண்ணைச் சுமந்தபடி, மூச்சு வாங்க வந்தார்.

பேச்சு நின்றதை அவள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் சரிந்து கிடந்தது.

"என்னங்க, அசதியா?"

"அடுப்ப அணைட்டி" என்றார். "பாகு பொங்குது பாரு."

கேலி பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். "பொங்குது, பொங்குது" என்று அவர் பாகு கிண்டுகிற மாதிரி காற்றில் துடுப்புப் போட்டார். கை நடுங்கியது. கண் அவள் மேல் நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏறுகிற நேரத்தில் உடம்பு சில்லென்று வேர்த்து, தேய்த்துப் போட்ட சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

நல்லவேளை, போனில் சிக்னல் இருந்தது. 108-க்குப் போட்டாள். பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள். சக்கரை உண்டா, ஊசியா மாத்திரையா, காலையில் என்ன சாப்பிட்டார். இவள் சொல்லச் சொல்ல அந்தக் குரல் வேகமானது. "சுகர் இறங்கியிருக்கும்மா. வண்டி கிளம்பிருச்சு, ஆனா நீங்க சொல்ற எடத்துக்கு ரோட்டுலதான் நிக்க முடியும். முழுங்குற நெலமையில இருக்கும்போதே சீனி, வெல்லம் எதையாவது கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா குடுங்க. நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருச்சாச்சுப் படுக்க வைங்க. ஊசி போடுறவருதானே, கையில இனிப்பு வச்சிருப்பாரு, பாருங்க."

கிருஷ்ணவேணி அந்தத் தோள்பையைப் பார்த்தாள். அதில் என்ன இல்லை என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனாலும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். பாட்டிலும் பஞ்சர் ஒட்டுகிற டப்பாவும் விழுந்தன. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீடு நிறைய வெல்லம், மூட்டை மூட்டையாய். இந்த மனுஷன் உயிருக்கு ஒரு துண்டு இல்லை.

எழுந்து நின்று சுற்றிப் பார்த்தாள். தூரத்துக் காட்டில் வெள்ளையும் கறுப்புமாய் ஆட்டுக்கிடை தெரிந்தது. உரத்துக்காகக் காட்டில் கிடை அமர்த்தியிருக்கிறார்கள். கிடை இருந்தால் ஆள் இருக்கும், ஆள் இருந்தால் காப்பித்தண்ணி இருக்கும்.

அவரை வேலிக்கருவை நிழலில் ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தாள். "வந்துருதேன், தூங்கிராதீங்க. என்னங்க, பாகு பாத்துக்கோங்க, அடிப்பிடிச்சிரும், பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். வேறு என்ன சொன்னால் அவர் முழித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை, மண்ணோடு மண்ணாய் இழுத்தது. கியர் இருக்கிற பக்கம் தரையில் படும்படி ஒருநாளும் அவள் வண்டியைச் சாய்த்ததில்லை, யாராவது சாய்த்தால் சண்டைக்குப் போவாள். இப்போது அதே பக்கமாய்ச் சேற்றில் வீசி எறிந்தாள். ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். பருத்தித்தூர் குத்தியது. திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்து திரும்பாமலே ஓடினாள்.

கிடையில் குட்டிகளை அடைத்த குடாப்புக்குள்ளிருந்து கத்தல் கேட்கிற தூரம் வந்ததும் நாய்கள் எழுந்துவிட்டன. நாய் விரட்டினால் இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது காட்டில் ஓட்டுகிறவர்களின் பாடம். குறுக்கே நிறுத்த இப்போது ஒன்றுமில்லை. கிடை நாய் ஊர் நாய் மாதிரி குரைத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை, ராத்திரியில் திருடனை மறிக்கப் பழகியது. இவள் நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் ஆட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டபடி நேரே நடந்தாள். ஒரு நாய் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. கிழிந்த துணியை அதன் வாயில் விட்டுவிட்டு நடந்தாள்.

விசில் சத்தம் கேட்டது. நாய்கள் பின்வாங்கின. தலையில் துண்டோடு ஒரு ஆள் எழுந்து வந்தார். கிடைக்காரர் தவசி.

"யாரு தாயி? நாய்க்குள்ள வந்து விழுதியே."

"வீட்டுக்காரவுகளுக்குச் சக்கரை எறங்கிப்போச்சு, அண்ணாச்சி. அங்கன வரப்புல கெடக்காவ. இனிப்பா ஏதாச்சும் குடுங்க."

தவசி கருப்பட்டிக் காப்பி இருந்த தூக்குச்சட்டியை எடுத்தார், மிச்சக் கருப்பட்டியை மடியில் கட்டினார், அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்.

பூவனநாதனின் கை இப்போது துடுப்புப் போடவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கிருஷ்ணவேணி மண்டி போட்டு அவர் தலையை மடியில் ஏந்தி, கன்னத்தைத் தட்டினாள். "என்னங்க. என்னங்க, பாகு என்னாச்சு?"

உதடு அசைந்தது. "முறுகுது" என்றார், கேட்டும் கேட்காமலும்.

போதும், நினைவு இருக்கிறது. தூக்கு மூடியில் ஊற்றி, உதட்டில் வைத்து, ஒரு வாய் சரித்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். பாதி வழிந்து கழுத்தில் ஓடியது. தவசி துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் கும்பிடாத சாமி இல்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடு, இனி ஜென்மத்துக்கும் இவர் பையைத் தொடமாட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

எவ்வளவு நேரமோ. அவர் நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவியது. சப்புக்கொட்டினார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், நிஜமாகவே அவளைப் பார்த்தார்.

"இது கலப்படம்ட்டி" என்றார். "சீனி போட்டுக் காய்ச்சுன கருப்பட்டி."

தவசி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நல்லாக் கேளுங்க அண்ணாச்சி. விக்கிறவன் சத்தியம் பண்ணித்தான் குடுத்தான்."

கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தலையைப் பிடித்துக்கொண்டு, தவசி இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "பையில வச்சிருந்த வெல்லத்த நாந்தாங்க எடுத்து டின்னுல போட்டேன்."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அவளுக்கு அழுகை நின்றுபோனது. "பாத்தீங்களா? பொறவு ஏன் வாயத் தொறக்கல?"

பூவனநாதன் கழுத்தில் வழிந்த காப்பியைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் நீங்களும் வாங்கன்னு கூப்பிட்ட. பொட்டலத்துக்குச் சண்ட போட்டா, போங்க, நீங்க வரவே வேண்டாம்னு தனியாப் போயிருவியே."

ரோட்டுப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு பக்கமாய் அவரைத் தாங்கிப் பிடித்துத் தூக்கினார்கள். ரெண்டு அடி வைத்ததும் அவர் நின்றார். "சைக்கிள் கெடக்கே. அடுத்தவன் வண்டி."

"கெடக்கட்டும்."

இன்னும் ரெண்டு அடி போனபிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த வாரமும் கூப்பிடுவியா?"

கிருஷ்ணவேணி தவசியிடம் மிச்சமிருந்த கருப்பட்டித் துண்டைக் கேட்டு வாங்கி, அவர் சட்டைப்பைக்குள் போட்டு, பித்தானையும் மாட்டிவிட்டாள்.