கல்லுப்பு போட்ட பெட்டி

தம்பியின் தொடையிலிருந்து எடுத்த சதைத் துண்டு ஒரு கடலை மிட்டாய் அளவுகூட இருக்காது. அதற்காகத்தான் எங்கள் வீடே சாமி கும்பிட்டுக் கிடந்தது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தசை கரையும் நோய். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் தசை செல்கள்தான் பிழைப்பு. தசைக்குள் ஸ்டெம் செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அடிபட்டால் விழித்து, தசையைக் கட்டும் அடுத்த கட்டச் செல்களைப் பெற்றுத் தள்ளும். இரண்டிலும் இருப்பது அதே ஜீன்கள். எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தூங்குகிற செல்கள் தம்பியிடம் மிச்சமிருந்தால் புது சிகிச்சையில் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாம் விழித்துத் தீர்ந்திருந்தால் கிடையாது. இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்தால் அவன் மூச்சு தாங்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

ராயபுரத்தில் ஆபரேஷன். சதையை எடுத்துவர வேண்டிய ஆள் வரவில்லை. ஆய்வகம் கொடுத்திருந்த ஐஸ் பெட்டியில் வைத்து அப்பாவே ஆட்டோவில் என்னிடம் கொண்டுவந்தார். காசிமேட்டில் மீன் பெட்டி கட்டுவது அவர் தொழில். வஞ்சிரத்தைக் கேரளா வரைக்கும் கெடாமல் அனுப்புகிற கை.

“நீங்க குட்த்த ஐஸு ஜுஜுபிம்மா. வழில நம்ம காசிமேட்ல நிறுத்தி, ஐஸ நுணுக்கி, கல்லுப்பு போட்டு இறுக்கிக் கட்டிகினு வந்தேன்.”

உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும். மீனுக்கு நல்லது. சதை இருந்த குழாயைத் தட்டிப் பார்த்தேன், கல்லாக இருந்தது. அப்படி உறைந்தால் செல்கள் வெடித்துவிடும். உருகியபின் மிஞ்சுவது எல்லாம் கலந்த கூழ். எந்த ஜீன் எந்தச் செல்லில் வேலை செய்தது என்று பிரிக்கவே முடியாது. இருந்தாலும் உருக்கி, செல் எண்ணும் மெஷினில் விட்டுப் பார்த்தேன். உயிரோடு ஒன்றுகூட இல்லை.

அழுகை வரவில்லை. அப்பா மேல் கோபமும் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு கேன்டீனில் டீ குடித்தேன். சர்க்கரை இல்லை. வழக்கமாக அதற்கு ஒரு சண்டை போடுவேன். அன்று குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா, என் செல்லு தூங்கிகினு கீதா, இல்ல எல்லாம் காலியா?”

அப்பா கையில் எடுத்த சோற்றோடு என்னையே பார்த்தார்.

“தூங்குது” என்றேன்.

“பெட்டி கட்னது யாரு!” என்றார் அப்பா, சோற்றை வாயில் போட்டபடி.

தம்பி சிரித்தான். “அப்போ என்னிக்குக்கா என்ன சேத்துக்குவாங்க?”