எட்டேகால் வண்டிக்குக் கேட்கும்படி

பட்டாளத்தில் சேருகிறவன் எதிரிக்குத்தான் பயப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் டெர்ம் முழுக்க எதிரியை நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஹாஸ்டலிலோ, புது ஆபீஸிலோ, புகுந்த வீட்டிலோ முதல் வருஷத்தைத் தள்ளியவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் நம்ம கட்சி. அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பல்லாவரத்தைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி, ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்யும் ஒரு பயிற்சிப் பள்ளி. பெயர் வேண்டாம். புதிதாக வந்தவன் ஜூனியர். அவனுக்கு ஆறு மாதம் முன்னால் வந்தவன் சீனியர். சீனியர் இரவு என்றால் இரவு, பகல் என்றால் பகல்.

கால் மணி நேரப் பயணம்

என் வீடு தாம்பரத்தில். அப்பா கோட்டைப் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். எனக்கு இடம் கிடைத்த வாரம் சர்ச்சில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். கிளம்புகிற அன்று பாதித் தெரு ஸ்டேஷனுக்கு வந்து, மாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வழியனுப்பியது. நான் ஏறியதோ எலெக்ட்ரிக் ட்ரெயின். மாலை வாடுவதற்குள் இறங்கிவிட்டேன்.

முதல் நாளே கேப்டன் விதிகளைப் படித்தார். சல்யூட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மைதானத்தின் நடுவே மிடுக்காக நடந்து போய், சல்யூட் அடித்து, நம்பரையும் பெயரையும் முழங்க வேண்டும். அதில் பாஸ் பண்ணும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது, பார்க்க யாரும் வரக் கூடாது, வாரத்துக்கு ஒரு கடிதம்தான். மூன்று தடவை ஃபெயிலானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பஞ்சாப்காரனுக்கும் அஸ்ஸாம்காரனுக்கும் வீடு போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஊரில் சொல்ல ஒரு காரணத்தைத் தயார் பண்ணிக்கொள்ளலாம். எனக்குக் கால் மணி நேரம். குரோம்பேட்டை போவதற்குள் என்ன பொய்யை யோசிப்பது?

எங்கள் அறைகளுக்கு ஆர்டர்லி முனுசாமி அண்ணன். பல்லாவரத்துக்காரர். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"தாம்பரமா? ஓடிப்போறதுன்னாகூட உங்களுக்கு வாசல்லயே வண்டி கீது சார்."

நடக்கத் தடை

ஜூனியர் நடக்கக் கூடாது. அறைக் கதவைத் தாண்டினால் ஓட்டம்தான். மெஸ்ஸுக்கு, குளிக்க, முடிவெட்டிக்கொள்ள, எங்கே போனாலும் ஓட்டம். நடு மாடிப்படி சீனியர்களுக்கு. நாங்கள் பின்பக்கப் படியில் ஏற வேண்டும். தலைக்கு மேல் விமானம் போனால் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அது மறையும்வரை அட்டென்ஷனில் நிற்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு விதியைப் போட்டவன் யாரென்று தெரியவில்லை. பார்க்காமலே அது மறைந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சந்தேகம் கேட்ட ஒருவன், மைதானத்தை ஆறு சுற்று ஓடித் தெளிவு பெற்றான்.

வளாகத்துக்கு உள்ளேயே ஒரு பழைய சர்ச் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது பயமில்லாமல் உட்காரலாம் என்று போனேன். பின் வரிசையில் இரண்டு சீனியர்கள். திருவிருந்துக்கு எழுந்தேன். பெஞ்சைத் தாண்டியதும் கால் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பூட்ஸ் சத்தம் கூரை முழுக்க எதிரொலிக்க, பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டேன். வயதான பாஸ்டர் அப்பத்தை என் கையில் வைத்துவிட்டுக் காதோடு சொன்னார்:

"மெதுவா வாங்க தம்பி, ஆண்டவர் எங்கேயும் போயிட மாட்டார்."

குல்தீப்பின் கழுத்து

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் குல்தீப். லூதியானா பக்கம். ஒரே அறையில் இருக்கும் இருவரில் ஒருவன் தப்புப் பண்ணினால் தண்டனை மற்றவனுக்கு என்பது அங்கே வழக்கம். உடை மாற்றும் பரேட் என்று ஒன்று நடக்கும். விசில் அடித்தால் ஐந்து நிமிஷத்தில் பனியன், நிக்கரிலிருந்து கோட்டு, டைக்கு மாறி வந்து நிற்க வேண்டும். அடுத்த விசிலுக்கு மறுபடியும் பனியன், நிக்கர். நான் அதுவரை டை கட்டியதில்லை. முதல் நாள் நான் கட்டிய டையைப் பார்த்த சீனியர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குல்தீப்பைக் கூப்பிட்டு, படுக்கையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார். அவன் நிற்பதை நான் நிழலில் நின்று பார்க்க வேண்டும். அதுதான் எனக்குத் தண்டனை.

இதைவிடப் பெரிய வினை ஒன்று இருந்தது. இரண்டு பேரும் சல்யூட் டெஸ்டில் பாஸ் பண்ணினால்தான் இரண்டு பேருக்கும் அவுட்டிங். குல்தீப் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. கோவளம் எவ்வளவு தூரம், அலை எவ்வளவு உயரம், தண்ணீர் நிஜமாகவே உப்பா என்று என்னைத் தினமும் கேட்பான். வெயிலிலிருந்து வந்ததும் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். திட்டப்போகிறான் என்று பயந்து நின்றேன். இங்கிலீஷும் இந்தியும் கலந்து அவன் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"சீக்கிரம் டை கட்டக் கத்துக்கோ செல்வம், என் கழுத்து உன்னை நம்பித்தான் இருக்கு."

பெயரா, மூச்சா?

டை கட்டக் கற்றுக்கொண்டேன். என் சிக்கல் டை இல்லை, தொண்டை. எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் எழுந்து போய்க் கூப்பிட வேண்டும், அப்பாவின் சட்டம். "தெருவுக்குக் கேக்கணுமா? மெதுவாப் பேசு" என்று கேட்டே வளர்ந்தவன் நான்.

முதல் டெஸ்டிலேயே குல்தீப் பாஸ். நானும் நன்றாகத்தான் நடந்தேன். சல்யூட்டும் ஒழுங்காக விழுந்தது. வாயைத் திறந்தால் நாலு ஏழு ஒன்று என்ற நம்பர் தொண்டைக்குழியில் நின்றுகொண்டது. பத்து நாள் கழித்து இரண்டாவது டெஸ்ட். இந்தத் தடவை நம்பர் வெளியே வந்தது. செல்வதுரை என்ற பெயர் பாதியில் கீச்சென்று உடைந்தது. வராந்தாவில் நின்றிருந்த சீனியர்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. எனக்குச் சொல்லித்தரும் ஹவில்தார் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார்:

"இவன் பெயரைச் சொன்னானா, மூச்சு விட்டானா?"

சார் போட்ட திட்டு

மிச்சம் ஒரே ஒரு டெஸ்ட், மூன்று வாரத்தில். தாம்பரத்தில் இறங்கினால் மாலை போட்டவர்கள் கண்ணில் படாமல் எந்தச் சந்து வழியாக வீட்டுக்குப் போவது என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

எங்கள் ஹவில்தாரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். நாங்கள் நாளைக்கு அதிகாரிகள் ஆகப்போகிறவர்கள் என்பதால் அவர் எங்களை சார் என்றுதான் சொல்ல வேண்டும். திட்டும்போதும் சார் உண்டு. "கழுதை மாதிரி நடக்கறீங்க சார்" என்பார். மைதானத்தில் இந்தி, தனியாக அகப்பட்டால் வேலூர்த் தமிழ். இரண்டாவது டெஸ்ட் முடிந்த மறுநாள், காலை டிபன் நேரத்தில் என்னைப் பின்பக்க வேலிக்கு இழுத்துக்கொண்டு போனார். பல்லாவரம் பக்கமிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நம்பரையும் பெயரையும் கத்தச் சொன்னார். கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. இனி தினமும் இதே நேரம், இதே வண்டி என்றார்.

வண்டி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது எட்டேகால் வண்டி. அப்பா ஆபீஸுக்குப் போகிற வண்டி. இரண்டு தடவை ஃபெயிலானதை நான் வீட்டுக்கு எழுதவில்லை. தயங்கித் தயங்கி, அந்த வண்டியில் என் அப்பா இருப்பார், வேறு வண்டிக்குக் கத்தட்டுமா என்று கேட்டேன். உஸ்தாத் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு சார், பெத்தவருக்குக் கேக்கலைன்னா கேப்டன் சாபுக்கு எங்க கேக்கப் போவுது?"

அம்மாவின் கடிதம்

முதல் மூன்று நாள் ஒருவரும் திரும்பவில்லை. நாலாவது நாள், கதவருகே கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரத்தில் காலேஜ் பையன்கள் ஜன்னலில் காத்திருந்து "நாலு ஏழு ஒண்ணு" என்று பதிலுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். வண்டி போகிற வேகத்தில் முகம் எதுவும் தெரியாது. அப்பா பேப்பரில் மூழ்கியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேதான் கத்தினேன்.

அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எதிர் வீட்டு ஸ்டீபன் மாமா அதே வண்டியில் போகிறவர். அவர் வந்து, உங்கள் செல்வம் வேலி ஓரம் நின்று ரயிலைப் பார்த்துக் கத்துகிறான், பக்கத்தில் ஒரு மிலிட்டரிக்காரர் காவலுக்கு நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொள், மாதர் சங்கத்தில் உனக்காக உபவாச ஜெபம் வைத்திருக்கிறோம் என்று இரண்டு பக்கம். கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்களும் அந்த வண்டிதானே என்று உன் அப்பாவைக் கேட்டேன், 'நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன், கவனிக்கலை' என்கிறார்."

மூன்றாவது தடவை

சனிக்கிழமை. முந்தின நாளே முனுசாமி அண்ணன் என் பூட்ஸை இரண்டு தடவை பாலிஷ் போட்டுவிட்டார். குல்தீப் என் டையைச் சரிபண்ணினான். மைதானத்தின் ஓரத்திலிருந்து கேப்டன் நிற்கும் இடம்வரை நாற்பது அடி இருக்கும். பயத்தில் பார்வை மங்கி, அவர் தொப்பி மட்டும் தெரிந்தது. தோற்றால் சாயங்காலம் தாம்பரம். போய் நின்றேன். சல்யூட் அடித்தேன். கேப்டனைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் தடதடவென்று வண்டி ஒன்று வருவதாக நினைத்துக்கொண்டேன். கத்தினேன். தூங்குமூஞ்சி மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. கேப்டன் அரை அடி பின்னால் போனார். என் ஃபைலைப் படித்திருப்பார் போலிருக்கிறது.

"போதும் போதும், பாஸ், நான் இங்கேதான் நிற்கிறேன், தாம்பரத்தில் இல்லை."

கேட்டில் ஒருவர்

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முதல் அவுட்டிங். காலையில் குல்தீப்போடு வீட்டுக்குப் போய் நிற்பது, சாப்பிட்டுவிட்டு அவனைக் கோவளம் கூட்டிப்போவது என்று திட்டம். நேரில் போய்ச் சொல்லி அசத்திவிடலாம் என்று அந்த வாரக் கடிதத்தில் டெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நலம், நலமறிய ஆவல். அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் வேலிக்குப் போகிற வேலையும் இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு உட்கார்ந்து நிம்மதியாக டிபன் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நாலு ஏழு ஒன்றைக் கேட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சீனியர் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. வார நாளில் ஜூனியரைக் கேட்டுக்குக் கூப்பிடுவது வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான். அந்த வளாகத்தில் நான் எவ்வளவோ ஓடியிருக்கிறேன், அன்றைக்கு ஓடினதுபோல் ஓடினதில்லை. அம்மா, அம்மா என்றுதான் வாயில் வந்தது.

கம்பிக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். ஆபீஸ் சட்டை, டிபன் பாக்ஸ், குடை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அரை நாள் லீவுகூடப் போடாத மனிதர், அந்நேரம் ஆபீஸ் நாற்காலியில் இருக்க வேண்டியவர். என் முகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விதிப்படி இரண்டு அடி தள்ளி அட்டென்ஷனில் நின்றேன். "என்னப்பா ஆச்சு? அம்மாவுக்கு என்ன?" என்றேன். பழக்கதோஷம், முழுத் தொண்டையில் வந்துவிட்டது. காவலுக்கு நின்ற சிப்பாய் திடுக்கிட்டுத் திரும்பினான். மெதுவாகப் பேசு என்று அப்பா சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு அவர் பேசினது எனக்குக் கேட்கவில்லை. அட்டென்ஷனை விட்டுவிட்டுக் கம்பியில் காதை வைத்தேன்.

"அம்மா நல்லா இருக்கா. திங்கட்கிழமையிலேருந்து உன் சத்தம் வரலை, அதான் இறங்கிட்டேன்."

ரிட்டையராகி இத்தனை வருஷமான பிறகும் நான் வீட்டில் கத்திப் பேசுவதாக என் மனைவி குறைப்படுகிறாள். குரலைத் தணித்தால் எங்கேயோ யாரோ பயந்துபோய் ரயிலை விட்டு இறங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.