கள்ளச் சாமியும் கள்ளுச் சாமியும்

முட்டாள்களில் பல வகை உண்டு. நாடகத் தலைப்பை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டு, ஃப்ளெக்ஸ் அச்சாகி வரும்வரை எட்டிக்கூடப் பார்க்காதவன் அதில் எந்த வகை? தெரியவில்லை. ஆனால் அவன் நான்தான்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் சித்தூரில் எங்கள் வாயனசாலைக்கு — நூலகத்துக்கு இங்கே அதுதான் பேர் — ஆண்டு விழா. நாடகம் என் பொறுப்பு. சும்மா இருப்பேனா? சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சு மேடை நகைச்சுவை ஒன்றைப் பிடித்தேன். ஒரு பணக்காரர் வீட்டில் பக்திமான் ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் போலி என்று வேலைக்காரி முதல் எல்லோருக்கும் தெரிகிறது, வீட்டுக்காரரைத் தவிர. கடைசியில் மனைவி அவரை மேஜைக்கடியில் ஒளித்துவைத்து, பக்திமானின் நிஜக் குரலைக் கேட்க வைக்கிறாள்.

அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேஜையைத் தூக்கிவிட்டு, நெல் கொட்டும் மரப் பத்தாயத்தை வைத்தேன். பாரிஸ் சித்தூர் ஆகிவிட்டது!

தலைப்பு? 'கள்ளச் சாமி.' தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அர்த்தம், போலிச் சாமி. என்ன மேதாவித்தனம்! மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஆளுயர எழுத்தில் தொங்கியது: 'கள்ளுச் சாமி.'

ஒரே ஒரு எழுத்துதானே, போகட்டும் என்று விட்டிருக்கலாம்... அந்தப் பெயரில் எங்கள் ஊரில் ஒருவர் உயிரோடு இல்லாமல் இருந்திருந்தால்.

நாச்சிமுத்து அண்ணன். கள்ளுக்கடை நடத்துகிறவர். வருஷம் தவறாமல் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். இரண்டையும் சேர்த்து, அவர் காதில் விழாமல் ஊர் வைத்த பெயர் அது. நாங்கள் மேடை போடவிருந்த இடம்? அவருடைய நெற்களம்! அவர் முடியாது என்றால் நாடகமே கிடையாது.

ஃப்ளெக்ஸ் கடைக்கு போன் போட்டேன். கடைக்காரர் மலையாளி. "சாரே, சித்தூர்ல சாமின்னு சொன்னா எல்லாருக்கும் அந்த ஒரு சாமிதானே?" என்றார்.

மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். நானும் இந்த வருஷம் மாலை போட்டிருந்தேன். பக்திதான்... பஸ்ஸில் "சாமி, உக்காருங்க" என்று எழுந்து இடம் தருவதும் ஒரு சின்னக் காரணம்.

கள்ளுக்கடைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அண்ணன் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மாலை போட்டால் மலைக்குப் போய் வரும்வரை கடைக்குள் கால் வைக்க மாட்டார்.

"வாங்க சாமி. ஃப்ளெக்ஸ் பார்த்தனுங்க. நம்ம பேரைப் பெரிசாத்தான் போட்டிருக்கீங்க."

"ஐயோ, தப்பு நடந்துபோச்சுங்கண்ணா. அது கள்ளுச் சாமி இல்லீங்க. கள்ளச் சாமிங்க."

"ஓ... அப்ப என்னையக் கள்ளன்னு சொல்றீங்களாக்கும்?"

"இல்லீங்க! அது நாடகத்துல வர்ற ஒரு ஆளு. ஊருக்கு முன்னால விரதம், நோம்பும்பான். உள்ளுக்குள்ள எல்லாம் வேணும் அவனுக்கு."

"அப்படியும் ஆளுக இருக்காங்களாங்க?"

"பிரான்சுல இருந்தாங்களாமுங்க."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைக்குள்ளிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது. கள்ளு ஷாப்புக் கறி! தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"சாப்பிட்டீங்களா? உள்ள வேகவச்ச கப்பைக்கிழங்கு இருக்குது. தேங்காய்ச் சட்னி அரைக்கச் சொல்லட்டுங்களா?"

"சட்னி எதுக்குங்கண்ணா, வீணா சிரமம்... அந்தக் குழம்புலயே துண்டு வேண்டாமுங்க, சாறு மட்டும்..."

நியாயம்தானே? புளி சைவம். மிளகாய் சைவம். மீன் அதில் குளித்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்!

அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சாமிக்கு ஒரு கப்பை வையுங்கப்பா. துண்டு வேண்டாமாம். சாறு மட்டும்!"

கடை நிறைய ஆட்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

கிளம்பும்போது சொன்னார்: "களத்துல நாடகத்தைப் போடுங்க. ஃப்ளெக்ஸு அப்படியே இருக்கட்டும். நானும் வர்றனுங்க."

நாடகத்தன்று களம் கொள்ளாத கூட்டம். 'கள்ளுச் சாமி' என்ற பெயரைப் பார்த்துக் கள்ளுக்கடையே திரண்டு வந்திருந்தது. போலி பக்தன் வேஷம் எனக்கு. தாடி ஏற்கெனவே இருந்தது, மேக்கப் செலவு மிச்சம். முன்வரிசை நடுவில் நாச்சிமுத்து அண்ணன். பாதியில் எழுந்து 'நிறுத்துங்கடா' என்றால்?

நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் வசனத்தைச் சொன்னேன்: "அம்மணி, எனக்கு மீன் வாசனைகூட ஆகாது!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சாறு மட்டும்!"

களமே அதிர்ந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்தது, நாலு பேர் பிடித்தார்கள். வீட்டுக்காரர் வேஷத்தில் பத்தாயத்துக்குள் மூச்சுக்காட்டாமல் இருக்க வேண்டிய வாயனசாலைச் செயலாளரும் உள்ளேயே சிரித்துவிட்டார். பத்தாயம் குலுங்கியது. அப்புறம் நான் 'விரதம்' என்றால் சிரிப்பு. 'பகவானே' என்றால் சிரிப்பு. சும்மா நின்றாலும் சிரிப்பு.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு மேடையில் இந்த மாதிரி நாடகத்தைப் போட்டால் பக்தியை அவமதிக்கிறார்கள் என்று பெரிய சண்டையே வருமாம். எதற்குச் சண்டை? நிஜ பக்தனுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே. கஞ்சனைக் காட்டினால் கஞ்சன் பக்கத்து சீட்டுக்காரனை நினைத்துச் சிரிப்பான். போலி பக்தனைக் காட்டினாலும் நாம் எல்லோரும் பக்கத்து சீட்டைத்தான் பார்க்கிறோம். வம்பு எப்போது என்றால்... பக்கத்து சீட்டில் யாருமே இல்லாதபோது. மேடையில் எனக்குப் பக்கத்து சீட்டே கிடையாது.

இந்தத் தத்துவமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு உதித்தது. அன்று கைத்தட்டலின் போதையில், நெற்றி விபூதியைக்கூடத் துடைக்காமல் அண்ணனிடம் ஓடினேன்.

"கோவம் ஒண்ணும் இல்லீங்களே அண்ணா? என் நடிப்பு எப்படீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்பங்க நடிச்சீங்க?"