கப்பலைத் திருப்பிய அண்ணாச்சி

நந்தனத்தில் கல்லூரி வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது எங்கள் தெரு ரிக்‌ஷாக்காரர் மணி வாசலில் நின்றிருந்தார். "சார், நம்ம அண்ணாச்சி பூட்டாரு" என்றார். தியாகராய நகர் ஜவுளிக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியை அறிந்தவர்களுக்குத் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற ஆள் இல்லை அவர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

எங்கள் தெருவில் முதல் டெலிவிஷன் அவர் கடைக்குத்தான் வந்தது. ஞாயிறு கடை விடுமுறை. வாடிக்கையாளர்கள் புடவை பார்க்க உட்காரும் வெள்ளை விரிப்பில் அன்று மாலை தெருவே உட்கார்ந்திருக்கும். விண்வெளிக் கப்பலில் கிரகம் கிரகமாகச் சுற்றும் வெளிநாட்டுத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆங்கில வாத்தியார் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. "கேப்டன் என்ன சொல்லுதான், சார்?" என்று அண்ணாச்சி கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் அடுத்த கிரகத்துக்குப் போயிருப்பான்.

ஒரு வாரம், தன்னோடு சண்டை போட்ட கூட்டாளியைப் பொட்டல் கிரகம் ஒன்றில் இறக்கிவிட்டுக் கேப்டன் கிளம்பினான். சரியாக அப்போது கரண்ட் போனது.

"ஐயே, அவன் கதி இன்னா?" என்று மணி கத்தினார்.

"கப்பல் திரும்பி வரும்வே" என்றார் அண்ணாச்சி, ஏதோ நேரில் பார்த்தவர் போல. "கூட இருந்தவன விட்டுட்டுப் போறவன்லாம் ஒரு கேப்டனா?"

சொன்னவர் கரண்ட் வருவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். காரணம் எங்களுக்குத் தெரியும். நைலக்ஸ் என்ற செயற்கை இழைப் புடவை விற்கலாம் என்றார், அவரோடு கடையைக் கவனித்த தம்பி அருணாசலம். பருத்தியைத் தவிர எதுவும் கடைக்குள் நுழையாது என்றார் இவர். தம்பி கோபித்துக்கொண்டு ஆதம்பாக்கத்தில் தனிக்கடை போட்டார். மூன்று தீபாவளியாக இருவருக்கும் பேச்சில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். "சார், ஆதம்பாக்கம் வரைக்கும் வாரியளா?" போனோம். தம்பி கடையில் ஏறி உட்கார்ந்தவர் நலம்கூட விசாரிக்கவில்லை. ஒரு நைலக்ஸ் புடவையைக் காட்டி விலை கேட்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவர் பாதிக்குக் கேட்டார். 'பேரம் பேசாம வாங்குதவன் மறுபடி வரமாட்டான்' என்பது அண்ணாச்சியின் கடை வேதம். அதைக் கேட்டே வளர்ந்தவர் தம்பி.

"கட்டாதுண்ணே" என்றார் அருணாசலம். மூன்று தீபாவளிக்குப் பிறகு வந்த முதல் 'அண்ணே' அது.

"அப்பம் நாளைக்கும் வாரேன்."

அந்தத் தீபாவளிக்குத் தியாகராய நகர் கடையின் முன்வரிசையில் நைலக்ஸ் தொங்கியது. கல்லாவில் தம்பி இருந்தார்.

சில மாதம் கழித்து அதே பகுதியை மறுபடி ஒளிபரப்பினார்கள். இந்த முறை கரண்ட் போகவில்லை. கப்பல் திரும்பவும் இல்லை. "இன்னா அண்ணாச்சி, உட்டுட்டுப் பூட்டானே!" என்றார் மணி. எல்லோரும் அவரைப் பார்த்தோம். பக்கத்திலேயே தம்பி உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி அசரவில்லை. "கதை எழுதுனவனுக்குத் தம்பி கெடையாது போல" என்றார். அருணாசலம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியின் இறுதிச் சடங்கில் அண்ணன் மேல் கோடித் துணியைப் போர்த்தியவரும் அருணாசலம்தான். "பருத்திதான் சார். நைலக்ஸ் போட்டா எந்திரிச்சுச் சண்டைக்கு வந்துருவாரு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

எனக்கென்று அண்ணாச்சி விட்டுப்போனது, கப்பல் திரும்பி வரும் அந்த முடிவு. வகுப்பில் அந்தத் தொடரின் கதையைச் சொல்லும்போது கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்துதான் முடிக்கிறேன். தொடரைப் பார்த்த மாணவன் எவனாவது எழுந்து, அப்படி இல்லையே சார் என்றால், உட்காரச் சொல்கிறேன். கப்பல் திரும்பியதை நான் ஆதம்பாக்கத்தில் பார்த்திருக்கிறேன்.