பெயர் இல்லாத சட்டையில் அரவிந்தன்

அரவிந்தன் இறந்த செய்தி எனக்கு நம் தமிழ்க் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. குத்துவிளக்கு, தாமரைப்பூ, நடுவில் அவன் படம். கீழே நம் தலைவர் எழுதியிருந்தார்: "ஹனோவர் தமிழரின் பெருமை, விளையாட்டுச் சிங்கம், கழகத்தின் செல்லப்பிள்ளை." நாற்பத்தொரு வயதில், வேலைக்குப் புறப்பட்டவன் கார்த் தரிப்பிடத்திலேயே மாரடைப்பால் விழுந்தான் என்ற விவரம் நான்காவது செய்தியில் இருந்தது. முதல் மூன்று செய்திகளும் அடைமொழிகளுக்கே போய்விட்டன.

செத்த வீட்டு அலுவல்கள் முடிந்து சில நாள் கழித்துத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "முப்பத்தொராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். நீர்தானே அந்தக் காலத்துச் செயலாளர், ரெண்டு பக்கம் எழுதித் தாரும். நல்லதா எழுதும்" என்றார். எழுதிவிட்டேன். இதை அவர் அச்சிட மாட்டார் என்பதால் நானே படியெடுத்து மண்டப வாசலில் தருகிறேன். அவனைத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் நீங்கள், சோற்றுக்கு வரிசையில் நிற்கும் நேரத்திலாவது வாசியுங்கள்.

அரவிந்தன், நமசிவாயம் அண்ணையின் ஒரே மகன். நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. பதினாறு வயதிலேயே அவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். நம்மவர்கள் அவனுக்கு இரண்டே இரண்டு உத்தியோகம் வைத்திருந்தார்கள். கழகத்தின் விளையாட்டுப் போட்டியில் கயிறிழுக்கும்போது கடைசி ஆள். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால் வடத்தில் முதல் ஆள். மற்ற நாள்களில் அவனைக் கண்டால், "தம்பிக்குச் சோத்தைக் குறையுங்கோ" என்று அவன் தாயிடம் சொல்வீர்கள். அந்த மனுசியும் சிரித்துச் சமாளிப்பார். சொன்னவர்களின் பெயர்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. இன்று அவர்களில் மூன்று பேர் இரங்கலுரை ஆற்றுகிறார்கள்.

அவன் அமெரிக்கன் ஃபுட்போல் பழகப் போகிறான் என்று தெரிந்தபோது நானும் சிரித்தேன். ஒருநாள் அவனுடைய பெரிய பையை பஸ்ஸில் ஏற்ற ஏலாது என்று சொன்னதால் என் காரில் கொண்டுபோய் விட்டேன். தோளில் பலகை போலக் கவசம், தலையில் இரும்புக் கூண்டு வைத்த தொப்பி. நாலு அடி ஓடுகிறார்கள், விழுகிறார்கள், நின்று கூட்டம் போடுகிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். நம் கழகக் கூட்டத்தை விடக் கொஞ்சம் ஒழுங்காக இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ ஏன் ஒருக்காலும் பந்தைத் தொடேல்லை?" என்று கேட்டேன். "எனக்குப் பந்து தேவையில்லை மாமா. பந்து வைச்சிருக்கிறவன்தான் தேவை" என்றான். அவன் தடுப்பு வரிசைக்காரன். பந்தோடு வருகிறவனைக் கட்டிப்பிடித்து நிலத்தில் விழுத்துவதுதான் அவன் வேலை. விழுத்திய பிறகு ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் எழும்பி வந்தால்தானே மாமா எனக்கு வேலை" என்றான்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனிக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ரைன் ஆற்றங்கரை நகரம் ஒன்றின் தொழில்முறை அணி அவனை எடுத்தது. அணியில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள். உள்ளூர்க்காரர் சிலரும் இருக்க வேண்டும் என்று விதி. அவன் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இருந்தான், மின்னியந்திர வேலை. அதை விட்டுவிட்டுப் புறப்பட்டான். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி அவனை வளர்த்த நமசிவாயம் அண்ணைக்கு அது பெரிய அடி. "கையில ஒரு தொழில் இருக்கவேணும். ஆக்களை விழுத்துறது தொழிலோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நம் வீடுகளில் தகப்பனும் மகனும் கோபித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாய் நடுவில் நின்று இரண்டு பக்கமும், "சாப்பிட்டாராம்", "சாப்பிட்டானாம்" என்று அறிவித்துக்கொண்டிருப்பார்.

முதல் மூன்று ஆட்டங்களில் அவனை ஓரத்து வாங்கில்தான் இருத்தி வைத்திருந்தார்கள். நான்காவதில் இறக்கினார்கள். எதிரணியில் பந்தை எறியும் அமெரிக்கனை இரண்டு தடவை விழுத்தினான். மறுநாள் ஜெர்மன் பத்திரிகையில் படம் வந்தது. பின்னாலிருந்து எடுத்த படம்: சேற்றில் முழங்கால் ஊன்றி எழும்புகிறான், முதுகில் அவன் எண்ணுக்கு மேலே நமசிவாயம் என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. இங்கே வந்திறங்கிய நாளில் எல்லாருக்கும் நடந்ததுதான். படிவத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது.

உங்கள் செல்லப்பிள்ளையைப் பற்றிக் கழகம் முதன்முதலாகக் கூடிப் பேசியது அந்தப் படத்துக்காகத்தான். தலைவர் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்தார். "சிவன்ரை நாமம் சேத்துக்குள்ள உருளுது. மாடு திண்ணுற கூட்டம் அதுக்கு மேல விழுந்தெழும்புது. நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்று கேட்டார். தலைவரின் கடைக்கும் ஒரு கடவுளின் பெயர்தான். அந்தப் பெயர் அச்சடித்த பையில்தான் அவர் ஆட்டிறைச்சி போட்டுத் தருவார். அதை அன்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அணிக்கு எழுதிச் சட்டையிலிருந்து பெயரை எடுப்பிப்பது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நமசிவாயம் அண்ணையை ஒரு வார்த்தை கேட்போமா என்று ஒருவர் இழுத்தார். அண்ணைக்கு அன்று வேலை, கூட்டத்துக்கு வரவில்லை. "பாவம் மனுசன், மகனால நொந்துபோய் இருக்கிறார். அவரைப் போய்க் கேக்கிறதோ?" என்று தலைவர் அடக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தகப்பன்ரை வேண்டுகோளின்படி எண்டும் ஒரு வசனம் போடும். அப்பதான் அவங்கள் கவனிப்பாங்கள்" என்றார். போட்டேன். எதற்கும் ஒரு விண்ணப்பம் எழுதி முத்திரை குத்தி அனுப்பினால் இந்த நாடு அசையும் என்று அகதி முகாமிலேயே படித்துக்கொண்டவர்கள் நாம். மூன்று பக்கம். மத உணர்வு, குடும்பக் கௌரவம், தந்தையின் விருப்பம். கடைசியில் நான் வழக்கமாக எழுதுகிற மாதிரி, பழைய ஜெர்மன் பாணியில் "மிகுந்த மரியாதையுடன்" என்று முடித்துக் கழக முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினேன். அந்தக் கடிதத்தின் இலக்கணத்தைப் பற்றி அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

அணி அலுவலகம் பயந்துவிட்டது. இரண்டு வாரத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. சட்டையிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம், ஆட்ட நிரலிலும் இனி எண் மட்டுமே இருக்கும் என்றார்கள். தலைவர் அதை வாசித்தார், எல்லாரும் கை தட்டினீர்கள், வடை பரிமாறப்பட்டது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். ஐம்பது பேரின் முதுகிலும் பெயர் இருந்தது. அவன் முதுகில் துணி மட்டும் இருந்தது. அவன் ஒருவனை விழுத்தியபோது அறிவிப்பாளருக்குச் சொல்லப் பெயர் இல்லை, எண்ணைச் சொன்னார். சனம் பாதி மனத்தோடு கத்தியது. புதிதாக வந்த ஆட்டக்காரன் ஒருவனுக்குப் பெயர் எடுக்கவேண்டிய முதல் பருவம் அது.

ஆட்டம் முடிந்து, தோளில் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். "எங்கட ஆக்களில நீங்கள்தான் முதல் வந்திருக்கிறியள்" என்று சந்தோஷப்பட்டான். நான், கடிதத்தை எழுதியவன், வெட்கமில்லாமல் கேட்டேன்: "ஏன் தம்பி உன்ரை முதுகில பேரில்லை?"

"அப்பாவுக்கு விருப்பமில்லையாம். கழகத்தால கடிதம் வந்தது. நீங்கள் எழுதினதெண்டு தெரியும் மாமா. 'மிகுந்த மரியாதையுடன்' எண்டு இந்தக் காலத்தில வேற ஆர் முடிக்கினம்?" என்று சிரித்தான். "அப்பா சொன்னால் நீங்கள் எழுதத்தானே வேணும். அவரிட்டை இதைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அவர் கேட்டார், நான் விட்டிட்டன்."

"உன்ரை அப்பாவுக்கு ஒண்டுமே தெரியாது." இந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதுமாக இருந்தது. சொல்லியிருந்தால் கழகத்தில் என் பதவி போயிருக்கும். கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். இருபது வருடமாக நான் தலைவரை இளக்காரமாகப் பார்த்து வருகிறேன். அவராவது தன் முட்டாள்தனத்தை நம்பினார். நான் நம்பாமலே முத்திரை குத்தினேன்.

அடுத்த பருவம் வேறு அணி. அங்கே தன் பெயரான அரவிந்தன் என்பதையே முதுகில் போட்டுக்கொண்டான். நன்றாக விளையாடினான் என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின, நம்மவர் வாசிக்கவில்லை. அந்தப் போட்டிகளே நிறுத்தப்பட்ட பிறகு ஹனோவருக்குத் திரும்பி, விட்ட படிப்பை முடித்து, வேலைக்குப் போனான். தகப்பனோடு பேச்சு வந்தது. எவ்வளவு பேச்சு என்றால் காலநிலை, மருந்து, கார்.

இனிச் சவச்சாலைக்கு வருவோம். தலைவர் அடித்த பதாகையில், பெயரை எடுத்த பிறகு பத்திரிகையில் வந்த படம்: எண் மட்டும் உள்ள முதுகு. அதைக் காட்டித் தலைவர் சொன்னார்: "பாருங்கோ, தன்ரை பேரைக்கூடப் போடாத தன்னடக்கம்." நீங்கள் தலையாட்டினீர்கள். சிலர் கண்ணையும் துடைத்தீர்கள். எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த நமசிவாயம் அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"முதல் படத்தில என்ரை பேர் இருந்தது" என்றார். "நான் அதை வெட்டிக்கொண்டுபோய் வேலையிடத்தில எல்லாருக்கும் காட்டினனான். என்ரை பேரெண்டு சொன்னனான். பிறகு வந்த படத்தில இல்லை. அதுக்குப் பிறகு தன்ரை பேரைப் போட்டிட்டான். அவன் என்ரை பேரைப் போட வெக்கப்பட்டவனோ? நான் கழுவுற வேலைதானே செய்தனான்."

"பிறகு கதைப்பம் அண்ணை" என்றேன். அப்போதும் அதுதான் என்னால் முடிந்தது.

அரவிந்தனிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு பேச்சு. அன்று ஆட்டம் முடிந்து, ரயில் நிலையம்வரை என்னோடு நடந்துவந்தபோது சொன்னது: "சட்டை தைக்கிறவன் பேர் நீளம், சுருக்கிப் போடட்டோ எண்டு கேட்டவன் மாமா. நான் விடேல்லை. பதினொரு இங்கிலீசு எழுத்தும் போடு, இடமில்லாட்டி ரெண்டு தோளுக்கும் வளைச்சுப் போடு எண்டு நிண்டனான். அப்பா ஒருநாள் வந்தால் தூரத்திலயிருந்தே வாசிக்கவேணுமெல்லோ."

நமசிவாயம் அண்ணை, இது உங்களுடையது. இருபது வருடம் நான் வைத்திருந்தேன். அவன் உங்கள் பெயரைக் கழற்றவில்லை. நாங்கள் கழற்றினோம். கடிதத்தை எழுதியவன் நான்.