தொண்ணூற்றாறு அடி

நம்புகிறவர்கள் நம்பட்டும். கதை கட்டுகிறவன் தன்னையே இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்ள மாட்டான். நடந்தது இதுதான்.

தெற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊரின் தண்ணீர் நிலையத்தில் எனக்கு வேலை. குளிர்காலத்தில் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆழ்கிணறு வழியாகப் பூமிக்குள் இறக்குவோம். கோடையில் அதையே மேலே எடுப்போம். இறக்கும் மாதங்களில் ஒரு விதி உண்டு. செவ்வாய்தோறும், அரை மைல் தள்ளி பூமிக்குள் இறக்கியிருக்கும் சோதனைக் குழாயில் அளவு நாடாவை விட்டு, தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று எழுத வேண்டும். நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டால் மேலே 'கீ' என்று கத்தும். தண்ணீர் ஐம்பது அடி ஆழத்துக்கு ஏறி வந்துவிட்டால் இறக்குவதை நிறுத்தியாக வேண்டும்.

நான் போகவேயில்லை. பதினோரு வாரம். முள்ளு, பாம்பு, சோம்பல். வண்டியில் உட்கார்ந்து டாக்கோ தின்றுகொண்டே தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னிக்கு எத்தனை அடி கனவு கண்ட?" என்பார் கூட வேலை பார்க்கும் வெண்டல்.

"தொண்ணூத்தாறு அண்ணே."

"போன வாரமும் அதே கனவா? கொஞ்சம் மாத்திக் காணுடா, சந்தேகம் வரும்."

ஜனவரி கடைசி வியாழன். மறுநாள் மாநில அதிகாரி அளக்க வருகிறார் என்று தகவல் வந்தது. என் வேலை உரிமம் போனால் மறுபடி பஞ்சு மில்லில் மூட்டை தூக்க வேண்டியதுதான். மாலை நான்கு பத்துக்கு நாடாவோடு குழாயடிக்குப் போனேன். வெண்டல் நூறு கஜம் தள்ளி, வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நாடாவை விட்டேன். முப்பத்தெட்டு அடியிலேயே... கீ.

நாடா கெட்டுவிட்டதோ? இழுத்துப் பார்த்தேன். முனை ஈரம். மறுபடி விட்டேன்.

கீ. முப்பத்தெட்டு.

அப்போது குழாய்க்குள்ளிருந்து...

"எவ்வளவு?"

வெண்டலின் விளையாட்டு என்று திரும்பினேன். அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

பழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது. "தொண்ணூத்தாறு."

நாடா இறுகியது. கீழேயிருந்து. அந்தக் குழாயின் வாய் இரண்டு அங்குலம். ஒரு கை நுழையாது.

"பாத்துச் சொல்லு."

கீ... கீ...

நிற்கவில்லை.

நான்கு பதினேழு.

ஓடினேன்.

"என்னடா, பேயறைஞ்ச மூஞ்சி?" கண்ணைத் தேய்த்துக்கொண்டு கேட்டார் வெண்டல்.

"ஒண்ணுமில்ல அண்ணே."

அத்தனைக்கும் பிறகு தாளில் என்ன எழுதினேன் தெரியுமா? தொண்ணூற்றைந்து. ஆழ்கிணறு வழியாகத் தண்ணீர் இரவெல்லாம் பூமிக்குள் இறங்கிக்கொண்டேயிருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அளந்தார். முப்பத்தெட்டு. உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, சுற்றியிருந்த கிணறுகளைப் பார்க்க ஆள் அனுப்பினார். பக்கத்துப் பண்ணையில் அமாடோர் என்ற தனிக்கட்டைக்கு ஒரு பழைய கிணறு. அறுபது அடி, பல வருடமாக வறண்டது. தூர்வார இறங்கியிருக்கிறார். கீழே பூமிக்குள் ஏறிவந்த ஈரத்தில் ஊறிப்போன சுவர் அவர்மேல் சரிந்திருக்கிறது. அதன் பிறகுதான் தண்ணீர் மேலே வந்து மூடியது.

செத்து ஒன்பது நாள் என்றார்கள்.

சாயங்காலம் அலுவலகத்தில், போன் எடுக்கும் டார்லா அழுதுகொண்டிருந்தாள்.

"இறங்குறதுக்கு முன்னாடி அவரு போன் பண்ணாரு லாலோ. தண்ணி எவ்வளவுல நிக்குதுன்னு கேட்டாரு. உன் தாளப் பாத்துத்தான் சொன்னேன்."

மேசைமேல் கிடந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

"நேத்தும் பண்ணாரே... அதே குரல்தான். நாலரை இருக்கும். திரும்பவும் உன் செவ்வாய்க்கிழமைத் தாளப் பாத்து தொண்ணூத்தாறுன்னேன். 'அவன் இன்னும் பாக்கவே இல்லம்மா'ன்னுட்டு வெச்சிட்டாரு."