பண்டி வேட்டையிலை துலைஞ்ச நாயும் என்ரை ஜக்கெற்றும்

நான் என்ரை வாழ்க்கையிலை பதினேழு மான் சுட்டு விழுத்தினனான். வன்னிக் காட்டிலை. தனிய. ஒரே ஒரு இடியன் துவக்காலை.

பொய்.

ஒண்டும் சுடேல்லை. துவக்கைத் தொட்டதும் இல்லை. மச்சான்மாரோடை ஒருக்கா வேட்டைக்குப் போனது மட்டும் உண்மை. அவையள் மானைத் தேடிக் காட்டுக்குள்ளை போக, நான் ஒரு பாலை மரத்திலை ஏறி இருந்தனான். அவையள் திரும்பி வந்து கல்லாலை எறிஞ்சுதான் என்னை இறக்கினவை. அப்ப பதினேழு எண்ட கணக்கு எங்கையிருந்து வந்தது? நான் திண்ட பங்கு இறைச்சியளைக் கூட்டினால் வருமாக்கும்.

உங்களுக்கு இந்தப் பொய்யைச் சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் ஒவ்வொரு கிழமையும் என்னைப் படிக்கிற ஆக்கள், நான் எழுதுறதிலை பாதியை வெட்டிப்போட்டுத்தான் நம்புவியள். ஆனா நான் சொன்னது சிஞ்ஞோர் நீனோவுக்கு. அங்கைதான் பிழைச்சது.

சிஞ்ஞோர் நீனோ ஆரெண்டால், இத்தாலியிலை பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியிலை நான் வேலை செய்யிற வீட்டுக்காரர். எழுபது தாண்டின மனிசன். மனிசி செத்து நாலு வருசம். பிள்ளையள் மிலானோவிலை. விடியப் போய்ச் சமைச்சு, வீடு கூட்டித் துடைச்சு, நாயை நடத்திக்கொண்டு போய் வாறது என்ரை வேலை. நாயின்ரை பேர் ஸ்தெல்லா. மண்ணிறம், நீட்டுக் காது, வேட்டை நாய். அந்த மனிசன் ஒரு நாளிலை கதைக்கிற கதையிலை முக்கால்வாசி அதோடைதான். "என்ரை கையாலை தவிர வேறை ஆர் குடுத்தாலும் ஸ்தெல்லா சாப்பிடாது" எண்டு வீட்டுக்கு வாற தபால்காரனுக்கும் சொல்லுவார்.

நான் பேசாமல் கோப்பை கழுவிக்கொண்டு நிப்பன். ஏன் பேசாமல் நிண்டனான் எண்டு பிறகு சொல்லுறன்.

மழை துவங்கினால் இஞ்சை காட்டுப்பண்டி வேட்டைக் காலம். பின்னேரங்களிலை சிஞ்ஞோரின்ரை கூட்டாளிமார் வீட்டுக்கு வருவினம். அதிலை பெரிய வாய் பிப்போவுக்கு. பல்லாரோச் சந்தையிலை இறைச்சிக்கடை வைச்சிருக்கிறவன், கையைப் பாத்தால் கத்திப்பிடி மாதிரி இருக்கும். வைன் ஒரு கிளாஸ் இறங்க, அனுபவம் வெளியிலை வரும். அனுபவத்துக்குப் பின்னாலை அறிவுரை வரும்.

"பண்டி வந்தால் ஓடாதை. பக்கத்துக்கு விலகு."

"விலகாதை, மரத்துக்குப் பின்னாலை நில்."

"குட்டியோடை நிக்கிற பண்டியைப் பாத்தால் துவக்கையும் விட்டிட்டு ஓடு."

ஒரே பண்டியைப் பற்றி மூண்டு பேர் மூண்டு மாதிரிச் சொல்லுவினம். போன வருசம் எழுபது கிலோவாச் செத்த பண்டி இந்த வருசம் நூற்றிப்பத்துக் கிலோ. செத்த பிறகும் வளருற ஒரே மிருகம் வேட்டைக்காரன் சுட்ட பண்டிதான்!

நான் சிரிக்கக் கூடாது. எங்கடை ஆக்கள் மட்டும் என்னவாம்? பலெர்மோவிலை கோப்பை கழுவுற, கிழவியளைக் குளிக்க வாக்கிற எல்லாரையும் கேட்டுப் பாருங்கோ. ஊரிலை ஒருத்தனும் சும்மா இருக்கேல்லை. ஒருத்தன் மனேச்சர். ஒருத்தனுக்கு அறுபது ஏக்கர் வயல். இஞ்சை எங்களைத் தெரியாத சனத்துக்கு நடுவிலை, எங்களை நாங்களே கொஞ்சம் கொழுக்க வைக்கிறம். அவ்வளவுதான்.

அப்பிடித்தான் அண்டைக்கு பிப்போ என்னைப் பாத்துக் கேட்டான். "ஜானி, உங்கடை நாட்டிலை வேட்டை இருக்கோ?"

என்ரை பேர் ஞானப்பிரகாசம். சிசிலிக்காரன்ரை நாக்கிலை அது நிக்காது. அதாலை ஜானி.

"இருக்கோ?" எண்டு நான் ஒரு சிரிப்புச் சிரிச்சன் பாருங்கோ... அதோடை பதினேழு மானும் விழுந்துது. விழுந்தது காணாதெண்டு அறிவுரையும் குடுத்தன். "வேட்டைக்குப் போக முன்னம் மூண்டு நாளைக்குச் சவுக்காரம் போடக் கூடாது. மனிச வாசம் மிருகத்துக்குப் பிடிபட்டிடும்." பிப்போ கண்ணை மூடி யோசிச்சு, ஓம் ஓம் எண்டு தலையாட்டினான். அடுத்த மூண்டு நாளும் அவன்ரை கடைக்குப் போன சனம் பாவம்.

சிஞ்ஞோர் நீனோவுக்குப் பெருமை தாங்கேல்லை. "என்ரை வீட்டிலை இப்பிடி ஒரு வேட்டைக்காரனை வைச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் நிலம் துடைக்க விட்டிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை நீ எங்களோடை வாறாய்."

வீட்டிலை என்ரை மனிசி ரீத்தா கத்தினாள். "பூசையை விட்டிட்டுப் பண்டி பாக்கப் போறியளோ?"

"வேலை வீட்டு அலுவலப்பா."

"நீங்கள் கரப்பான்பூச்சிக்கே கதிரையிலை ஏறுற ஆள்!"

உண்மைதான். ஆனா சொன்ன சொல்லை எப்பிடி மாத்திறது?

போனம். மடோனியே மலையடி. குளிரெண்டால் அப்பிடிக் குளிர். கருவாலிக் காட்டுக்குள்ளை ஆளாளுக்கு ஒரு இடம் பிரிச்சுக் குடுத்தினம். என்னட்டைத் துவக்கு இல்லை. லைசன்ஸ் இல்லாதவன் தொடக் கூடாது, நல்ல சட்டம். ஆனா 'அனுபவசாலி' எண்டபடியாலை எனக்குப் பெரிய பொறுப்பு ஒண்டு தந்தவை. ஸ்தெல்லாவின்ரை கயிறு.

சிஞ்ஞோர் காதுக்குள்ளை சொன்னார். "மற்ற நாயள் பண்டியைக் கலைச்சுக்கொண்டு வரும். நான் கை காட்டினாப் பிறகுதான் இவளை விடோணும். அதுக்கு முன்னம் விட்டால் இந்தக் காட்டிலை இவளுக்கு வழி தெரியாது."

"விளங்குது சிஞ்ஞோர்."

அரை மணித்தியாலம் ஒண்டும் இல்லை. பேந்து எனக்கு முன்னாலை பத்தை சரசரத்தது. பண்டியெண்டு நினைச்சன். பத்தை விலகி, வெளியிலை வந்தது...

மான்.

வடிவான, புள்ளி போட்ட, கொம்பு வைச்ச மான். அங்கை மானைச் சுடக் கூடாது, அது அதுக்கும் தெரியும் போல, ஆறுதலா வந்து நிண்டு என்னைப் பாத்துது. பதினேழு மான் சுட்ட வீரன் நான் என்ன செய்திருப்பன் எண்டு நினைக்கிறியள்?

"ஐயோ அம்மா!" எண்டு கத்திக்கொண்டு இரண்டு கையையும் மேலை தூக்கினன். துவக்கு வைச்சிருக்கிறது நாங்கள், கை தூக்கினது நான்! கயிறு விட்டுப் போச்சு. மான் பாய, ஸ்தெல்லா அதுக்குப் பின்னாலை பாய, இரண்டும் சரிவிலை இறங்கி மறைஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் குரைக்கிற சத்தம் கேட்டுது. பேந்து அதுவும் இல்லை.

சிஞ்ஞோர் ஓடி வந்தார். என்னைப் பேசேல்லை. பேசியிருந்தால் நல்லா இருந்திருக்கும். "ஸ்தெல்லா... ஸ்தெல்லா..." எண்டு அந்தச் சரிவைப் பாத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் அடைக்குமட்டும் கூப்பிட்டார்.

வேட்டை அதோடை சரி. எல்லாரும் கூடினம். பேந்தென்ன, திரும்பவும் அறிவுரை. விசிலடி எண்டான் ஒருத்தன். வானத்துக்கு ஒரு வெடி வை எண்டான் இன்னொருத்தன். "வெடி வைச்சால் இன்னும் தூரப் போகுமடா விசரா" எண்டு அவனைப் பேசிப்போட்டு பிப்போ சொன்னான்: "நாய் துலைஞ்ச இடத்திலை எசமானின்ரை கோட்டைக் கழட்டி வைச்சிட்டுப் போகோணும். மணம் பிடிச்சுத் திரும்பி வந்து அதிலை படுத்திருக்கும். எங்கடை அப்பன் காலத்து வழி."

எல்லா வேட்டைக்காரரும் ஒருமிக்க ஓம் எண்டு சொன்னதை நான் முதல்தரமாப் பாத்தன்.

சிஞ்ஞோர் தன்ரை கோட்டைக் கழட்டி நிலத்திலை விரிச்சார். தள்ளிப் போய் ஒளிச்சிருந்து பாத்தம். ஒரு மணித்தியாலம். இரண்டு. மூண்டாவது மணித்தியாலத்திலை பிப்போ அவற்றை தோளைத் தொட்டு, "இருளப் போகுது நீனோ, காருக்கு வா" எண்டான். அந்த மனிசன் எழும்பேல்லை. "வீட்டை போய் நான் ஆரோடை கதைக்கிறது?" எண்டு கேட்டார்.



பிழை எங்கை எண்டு எனக்குத் தெரியும். அந்தக் கோட் சரிவராது. ஸ்தெல்லாவுக்கு எசமானின்ரை மணம் எண்டால் அது வேறை மணம்.

இப்ப சொல்லுறன் கேளுங்கோ. இரண்டு வருசமா சிஞ்ஞோர் தட்டிலை போடுற பிஸ்கற் மாதிரிச் சாப்பாட்டை ஸ்தெல்லா அவற்றை மனம் நோகக் கூடாதெண்டு இரண்டு கடி கடிக்கும். அவர் பேப்பரோடை கக்கூசுக்குப் போனவுடனை குசினிக்கு வந்து என்ரை காலை முட்டும். நான் வீட்டிலையிருந்து கொண்டு போற சோறும் மீன்குழம்பும்தான் அதின்ரை உண்மையான சாப்பாடு. மீன் தலையெண்டால் உயிர். வேட்டை நாய்க்கு உறைப்புக் குடுக்கக் கூடாதெண்டு சிஞ்ஞோர் முதல் நாளே சொன்னவர். மூக்குக் கெட்டிடுமாம்.

அப்ப சொல்லுறதோ, விடுறதோ? சொன்னால் வேலை போகும். வேலை போனால் கொண்டிராத்தோ எண்ட வேலை ஒப்பந்தம் போகும், அது இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கிறதுக்கு அடுத்த பெர்மெசோ இல்லை. இதெல்லாம் ஒரு செக்கனிலை தலைக்குள்ளை ஓடிச்சுது. அந்த மனிசன் இன்னும் நிலத்திலைதான் இருந்தார்.

"சிஞ்ஞோர், என்ரை ஜக்கெற்றை வைப்பம்."

"ஏன்?"

சொன்னன். சோறு, குழம்பு, மீன் தலை எல்லாம். சொல்லத் துவங்கினதோடை நிப்பாட்டத் தெரியாமல் பதினேழு மானையும் உயிரோடை காட்டுக்குள்ளை திருப்பி விட்டன்.

பிப்போ மெல்லமாக் கேட்டான். "அப்ப சவுக்காரம்?"

"அதுவும் சும்மா சொன்னது."

பிப்போ தன்ரை கமக்கட்டை ஒருக்கா மணந்து பாத்தான். பேந்து என்னைப் பாத்தான். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டன்.

சிஞ்ஞோர் எழும்பினார். என்ரை முகத்தைப் பாக்காமல் தன்ரை கோட்டை எடுத்து உதறி என்னட்டை நீட்டினார். "இதைப் போடு. குளிரும்." என்ரை ஜக்கெற்றைத் தானே வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடிச்சு ஒருக்கா மணந்தார். தாளிச்ச வெங்காயம், பொரிச்ச மீன்... பஸ்ஸிலை பக்கத்திலை இருக்கிற சனம் யன்னல் திறக்கிற மணம் அது. வடிவா விரிச்சு வைச்சார்.

வீட்டை வந்து கதவு திறக்க, ரீத்தா என்னை மேலையும் கீழையும் பாத்தாள்.

"இது ஆரின்ரை கோட்?"

"சிஞ்ஞோற்றை."

"உங்கடை ஜக்கெற் எங்கை?"

"மலையிலை. நாய்க்கு."

அவள் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டாள். "ஜக்கெற்றின்ரை உள்பொக்கற்றிலை என்ன இருக்கு?"

பெர்மெசோ.

பல்லாரோவிலை பொக்கற் அடிக்கிறாங்களெண்டு உள்பொக்கற்றிலை வைச்சு வாயைத் தைச்சும் விட்டவள் அவள்தான். தைச்சிருந்தபடியாலை எனக்கு நினைவும் வரேல்லை. எங்கடை ஆக்களிலை பெண்சாதி பிள்ளையை மறந்து பஸ்ஸிலை விட்டிட்டு வந்தவன் இருக்கிறான். பெர்மெசோவை மறந்து மலையிலை விட்டிட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

"துலைஞ்சதுகளைத் தேடித் தாற அந்தோனியாரே, நாயும் வேண்டாம், கடுதாசியைக் காட்டித் தாரும்" எண்டு ரீத்தா செபிச்சாள். நான் பக்கத்திலை முழங்காலிலை நிண்டு, இரண்டையும் கேட்டன். நான் மன்னார் ஆள், மன்னாரான் கொஞ்சம் கூடத்தான் கேப்பான்.

விடிய சிஞ்ஞோரும் நானும் திரும்பப் போனம். தூரத்திலையே எனக்குத் தெரிஞ்சுது. ஜக்கெற்றுக்கு மேலை மண்ணிறத்திலை ஒரு குவியல். காது ஒண்டு எழும்பிச்சுது. அடுத்ததா வால்.

ஓடி வந்து முதல் ஆரிட்டைப் போச்சுத் தெரியுமோ? சிஞ்ஞோரிட்டை. அவற்றை முகம், கண்ணாடி எல்லாத்தையும் நக்கி முடிச்சுப்போட்டுத்தான் என்ரை காலை முட்டிச்சுது. மனிசன் மண்ணிலை இருந்து அழுதார், சிரிச்சார், நாயின்ரை காதுக்குள்ளை என்னவோ சொன்னார். பேந்து என்னைப் பாத்து, "நாளைக்கு எனக்கும் அந்தக் குழம்பிலை கொஞ்சம் கொண்டு வா. இரண்டு வருசமா என்னத்தை எனக்கு ஒளிச்சுத் திண்டவள் எண்டு பாப்பம்" எண்டார்.

வேலை தப்பிச்சுது.

நான் ஜக்கெற்றைத் தூக்கினன். வெளிப்பொக்கற்றிலை ரீத்தா கட்டித் தந்த மீன் கட்லெற் இரண்டு இருந்தது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த நாய் அதை விடுமோ? கட்லெற்றைத் திண்டு, கட்லெற் மணந்த பொக்கற்றைத் திண்டு, அப்பிடியே உள்ளை போய்... பேர், பிறந்த திகதி, முத்திரை, எல்லாம் ஸ்தெல்லாவின்ரை வயித்துக்குள்ளை. என்ரை படத்தை மட்டும் திண்ணேல்லை. சப்பிப் பாத்துத் துப்பியிருக்கு.

இப்ப இதை எழுதுறது குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை, புது பெர்மெசோவுக்கான வரிசையிலை இருந்து. விடிய வந்தது, மத்தியானமாகுது. பக்கத்திலை சிஞ்ஞோர் நீனோ, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடை. வர வேண்டாமெண்டு சொன்னனான். "என்ரை நாய் செய்த வேலை, நான்தான் சொல்லோணும்" எண்டு நிக்கிறார். வாசல்லை ஸ்தெல்லாவை பிப்போ பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். குளிச்சிருக்கிறான், நல்ல சவுக்கார மணம்.

காலமை முதல்தரம் கவுண்டருக்குப் போனபோது அந்த ஒபிசர் படத்துண்டைத் தூக்கிப் பாத்திட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கோ, நான் அதுக்குச் சொன்ன மறுமொழியிலை பின்னாலை நிண்ட சனம் முழுக்க...

பொறுங்கோ. சிஞ்ஞோர் என்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறார். "எழும்படா ஜானி, எங்களைக் கூப்பிடுறாங்கள்! நீ வாயைத் திறக்காதை, நான் கதைக்கிறன்!"